அப்பாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு

கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் எச்.ஆர். பகுதியில் வேலை செய்கிறேன். பெரிய பதவி ஒன்றும் இல்லை. லீவுக் கணக்கு, சம்பளச் சிட்டை, ஈ.பி.எஃப். போம், மெடிக்கல் இன்சூரன்ஸ். இந்த நாலுக்குள்ளேயே என் நாள் முடிந்துவிடும். வருஷத்துக்கு ஒருக்கா மருத்துவக் காப்புறுதியைப் புதுப்பிக்கிற நேரம் வரும். அப்போது ஊழியர்கள் தங்கள் குடும்பத்தில் யார் யாரைச் சேர்க்க வேண்டும் என்று போம் நிரப்பித் தருவார்கள். மனைவியையோ கணவரையோ சேர்க்க விவாகச் சான்றிதழ். பிள்ளையைச் சேர்க்க பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் விவாகச் சான்றிதழும். எல்லாவற்றிலும் ஒரு கொப்பி. இருந்தால் சரி, இல்லாட்டித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

போன வருஷம் எங்கள் கம்பனியில் லொறி ஓட்டுகிற ஒரு அண்ணை வந்தார். கிளிநொச்சிப் பக்கம். (ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) நாலு மாதப் பெண் பிள்ளை. மூச்சு வேகமாக எடுக்கிறாள் என்று அரச ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு, இதயத்தை ஒருக்கா எக்கோ ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே நாள் கிடைக்கப் பிந்தும் என்றதால் வெளியே செய்யப் போகிறார். அதற்காகப் பிள்ளையை இன்சூரன்ஸில் சேர்க்க வந்திருந்தார்.

பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். தாயின் பெயர் இருந்தது. தந்தையின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் என்று வருகிற இடங்களில் எல்லாம் கோடு.

"தங்கச்சி, இது என்ர பிள்ளைதான். பேப்பரிலதான் இல்லை" என்றார்.

"அப்ப ஏலாது அண்ணை" என்று சொன்னேன்.

யோசிக்கக்கூட இல்லை. ஒரு வினாடியில் வந்த பதில். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அந்த "ஏலாது"தான். சட்டம் சரியில்லை, அரசாங்கம் சரியில்லை என்று நாங்கள் நிறைய எழுதுகிறோம். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு "ஏலாது" சொன்னது நான்.

அவர் கோபப்படவில்லை. பேப்பரை மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் கன்ரீனில் கண்டு நானாகவே போய்க் கேட்டேன். அப்போதுதான் கதை தெரிந்தது.

அவர் மனைவிக்கு இது முதல் கலியாணம் இல்லை. 2008இல், வன்னியில், பதினெட்டு வயதில் அவசரம் அவசரமாக ஒரு கலியாணம் செய்து வைத்தார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க அப்போது எத்தனையோ வீடுகளில் செய்ததுதான். பதிவும் நடந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கணவரை யாரும் காணவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர் எடுக்கவில்லை. முதல் கணவரின் தாய், இப்போதும் அவர் "மாமி" என்று கூப்பிடுகிற மனுஷி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்களோடு கிளிநொச்சியில் போராட்டப் பந்தலில் இருப்பவர். 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம் அது. அந்த மாமியின் மகன் செத்துவிட்டான் என்று தான் கையெழுத்து வைப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

பிறகு இந்த அண்ணையோடு வாழ்க்கை. கோயிலில் மாலை மாற்றினார்கள். பதிய முடியாது, ஏனென்றால் முதல் விவாகம் சட்டப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் பதியப் போயிருக்கிறார்கள். பதிவாளர் கேட்டதற்கு இவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். "அப்ப சட்டப்படி முதல் புருஷன்தான் தகப்பன். அவரின்ர பேரைப் போடட்டோ, இல்லாட்டி கோடு போடட்டோ?" என்று கேட்டாராம். இவர்கள் கோட்டைத் தெரிவு செய்தார்கள்.

நான் எச்.ஆர். படித்தவள், சட்டம் படித்தவள் இல்லை. ஆனாலும் அன்றிரவு இருந்து தேடித் தேடி வாசித்தேன். பிறகு ஒரு சட்டத்தரணித் தோழியிடமும் கேட்டேன். எனக்கு விளங்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களில் பலருக்கு இது தெரியாது, தேவைப்படுகிற நாளில்தான் தேடுவோம்.

இலங்கையில் ஒரு ஆண் "சட்டப்படி தந்தை" ஆவதற்கு முதல் வழி திருமணம். திருமணம் யாரைக் காட்டுகிறதோ அவரே தந்தை என்பது ரோமச் சட்டக் காலத்து விதி. ஒல்லாந்தர் கொண்டுவந்த சட்டத்திலும் அது இருந்தது, ஆங்கிலேயர் எழுதி வைத்ததிலும் இருக்கிறது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 112ஆம் பிரிவு: திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளையும், திருமணம் முடிவுற்று 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த பிள்ளையும் அந்தக் கணவரின் பிள்ளையே. அதை மறுக்க வேண்டும் என்றால், கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே தொடர்புக்கு வாய்ப்பே இருக்கவில்லை என்றோ, அவருக்கு ஆண்மை இருக்கவில்லை என்றோ காட்ட வேண்டும். டி.என்.ஏ. என்ற சொல்லே உலகத்தில் இல்லாத காலத்தில் எழுதிய பிரிவு இது.

இதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஏன் எழுதினார்கள் என்பதும் விளங்கியது. ஒரு ஆண் நினைத்த நேரத்தில் "இது என்ர பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக. பிள்ளையைப் பாதுகாக்க எழுதிய விதிதான். அதே விதி, 2009இல் காணாமற்போன ஒருவரைப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் ஆக்குகிறது. அவருக்கு வாய்ப்பே இருக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம், பதிவாளர் இல்லை.

இரண்டாவது வழி, திருமணம் செய்யாத பெற்றோருக்கானது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதைச் சொல்கிறது. தாயும், "நான்தான் தந்தை" என்று ஒப்புக்கொள்கிற ஆணும் சேர்ந்து கேட்டு, இருவரும் பதிவேட்டில் கையெழுத்து வைத்தால் தந்தையின் பெயரைப் பதியலாம். அல்லது தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்றின் கட்டளை வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் பதிவாளர் யாருடைய பெயரையும் போட முடியாது.

முதலில் வாசித்தபோது இந்தக் கூட்டுக் கையெழுத்து எனக்குப் பிற்போக்காகத் தெரிந்தது. தந்தை தானாக வந்து ஏற்றுக்கொண்டால் போதாதா? தோழிதான் திருத்தினாள். "ஒருத்தி அடி தாங்காமல் ஒருத்தனை விட்டிட்டு வாறாள் எண்டு வை. அவன் தனிய வந்து தன்ர பேரைப் பதிஞ்சிட்டுப் போகலாம் எண்டால், அவளின்ர வாழ்க்கையில திரும்பவும் ஒரு கதவு அவனுக்குத் திறக்குது." சரிதான். தாயின் சம்மதம் இல்லாமல் தந்தை என்ற உரிமை வரக் கூடாது. இந்த விதியை நான் இப்போது ஆதரிக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த வழிக்குக் கலியாணம் தேவையில்லை என்பதுதான். 1951இல் எழுதிய சட்டம், கலியாணம் கட்டாத ஒரு தாயும் தந்தையும் பதிவாளரின் மேசைக்கு முன்னால் சேர்ந்து நிற்பதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 2024இல் என் மேசையில் இருந்த போம் ஏற்றுக்கொள்ளவில்லை. கூட்டுக் கையெழுத்தோடு தந்தை பெயர் பதிந்த சான்றிதழைக் கொண்டு வந்தாலும், "பெற்றோரின் விவாகச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். சட்டம் தந்தை என்று ஒத்துக்கொண்ட ஒருவரை ஒரு அலுவலகப் போம் ஒத்துக்கொள்ளாது. எவ்வளவு விசித்திரம்!

பழைய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கிற ஒரு நிரல் உண்டு. எத்தனை பிள்ளைகள் அந்த நிரலைக் கையால் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூட அனுமதிக்குப் போயிருப்பார்கள்! புதிய டிஜிட்டல் சான்றிதழில் அந்தக் கேள்வி இருக்காது என்று 2021இல் அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் சான்றிதழில் இருந்து எடுத்த கேள்வியை நாங்கள் அலுவலகப் போமில் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்?

அடுத்த கிழமை நான் செய்த வேலை இதுதான்: எங்கள் கம்பனிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தை எடுத்து முதல் தரம் முழுதாக வாசித்தேன். இரண்டு வருஷமாக அதன் பேரில் ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் வாசித்தேன். அதில் "ஊழியரின் திருமணமாகாத பிள்ளைகள்" என்றும் ஒரு வயது எல்லையும் இருந்தது. பெற்றோரின் விவாகச் சான்றிதழ் வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பட்டியல் எங்கள் அலுவலகத்தில் எனக்கு முதல் இருந்த யாரோ தயாரித்தது. யார் என்றுகூட இப்போது ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் எழுதி வைத்தார், அடுத்தவர் கொப்பி எடுத்தார், நான் சட்டம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மனேஜரிடம் கொண்டு போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி: "டி.என்.ஏ. ரிப்போர்ட் ஒண்டு கேப்பமோ? அப்ப பிரச்சினை இல்லைத்தானே?"

பலருக்கும் இது நியாயமாகத்தான் படும். விஞ்ஞானம், துல்லியம், சந்தேகம் இல்லை. எனக்கு நியாயமாகப் படவில்லை. கலியாணம் கட்டிய எந்த ஊழியரிடமாவது நாங்கள் டி.என்.ஏ. கேட்டிருக்கிறோமா? விவாகச் சான்றிதழ் இரத்த உறவுக்கான அத்தாட்சி இல்லை. "இந்தக் குடும்பத்துக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் பொதுவில் கையெழுத்து வைத்த பேப்பர், அவ்வளவுதான். அப்படியென்றால் காப்புறுதிக்காரருக்கும் உண்மையில் தேவைப்படுவது அந்தப் பொறுப்புக்கான கையெழுத்துத்தான். கலியாணமானவரிடம் கையெழுத்தையும் ஆகாதவரிடம் இரத்தத்தையும் கேட்பது சந்தேகம் இல்லாமல் வேறென்ன?

"அப்ப ஆரும் வந்து அக்காவின்ர பிள்ளையையும் தங்கச்சியின்ர பிள்ளையையும் தன்ர எண்டு சேர்க்கமாட்டினமோ?" என்று மனேஜர் கேட்டார். இதைத் தட்டிக் கழிக்க முடியாது. குழுக் காப்புறுதியில் ஒருவர் செய்கிற பொய்க்கு மற்ற எல்லாரும் சேர்ந்துதான் கட்ட வேண்டிவரும். ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிப்பது விளையாட்டு இல்லை. பொய்ச் சத்தியம் குற்றம். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தந்தை தாபரிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். தந்தை யார் என்பதை நீதவான் திருப்திப்படும் அளவுக்கு நிரூபிப்பதுதான் அங்கே தாய்மாருக்கு இருக்கிற கஷ்டம். "இது என் பிள்ளை" என்று ஒருவர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி அந்த வழக்கில் பலமான சாட்சியாகும். பதினெட்டு வருஷத்துச் செலவுக்கு எதிராகத் திரும்பக்கூடிய ஒரு பேப்பரில், ஒரு ஆஸ்பத்திரி பில்லுக்காக யார் பொய்க் கையெழுத்து வைப்பான்?

பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் 1999 எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தில், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்காகத் தாய் சொல்கிற சாட்சி மட்டும் போதாது, அதை உறுதிப்படுத்த வேறு சாட்சியும் வேண்டும் என்று இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அதுதான் சட்டம். அது மாறி இவ்வளவு காலமாகிவிட்டது. எங்கள் மேசைகளில் மட்டும் இன்னும் 1889 நடக்கிறது.

இவ்வளவும் எதற்கு, அரச ஆஸ்பத்திரி இலவசம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எங்கள் நாட்டின் பெருமைகளில் அது ஒன்று. வார்டில் பிள்ளையை ஏற்றும்போது யாரும் தகப்பனின் பெயரைக் கேட்டு மூச்சுக் குழாய் வைக்கவில்லை. ஆனால் 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எல்லாருமே வெளியே துண்டோடு ஓடினோம். இப்போதும் ஒரு ஸ்கானுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனைக்கும் வெளியே போக வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கம்பனிக் காப்புறுதி. அதற்குள் ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு ட்றைவர்களில் ஒருவரின் பிள்ளைக்கு இருக்கிறது, மற்றவரின் பிள்ளைக்கு இல்லை. பிள்ளைகளுக்குள் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை.

பிள்ளையை மட்டும் பார்த்துக் காப்புறுதி கொடுப்பது நடக்காத காரியமும் இல்லை. 2017இல் தொடங்கிய சுரக்‌ஷா மாணவர் காப்புறுதியில் பாடசாலைப் பிள்ளை என்பதுதான் தகுதி. ஆனால் நாலு மாதப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்? பள்ளிக்கூடம் போகிற வயது வரும் வரைக்கும் அம்மாவையோ அப்பாவையோ பிடித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

வேறு நாடுகளில் எப்படி என்றும் தேடினேன். மருத்துவச் செலவு விஷயத்தில் அமெரிக்காவை உதாரணம் காட்டுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அங்கே காப்புறுதி இல்லாவிட்டால் பிள்ளையின் பாடு எவ்வளவு மோசம் என்பதாலேயே இது சட்டத்துக்குள் வந்தது. 1993இல் அவர்கள் கொண்டுவந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, பெற்றோர் திருமணம் செய்யாமல் பிறந்த பிள்ளை என்ற காரணத்துக்காகவோ, அந்தப் பெற்றோரோடு ஒரே வீட்டில் வசிக்கவில்லை என்ற காரணத்துக்காகவோ காப்புறுதி நிறுவனம் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று மாநிலங்கள் சட்டம் செய்ய வேண்டும் என்றது. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே தாயும் தந்தையும் கையெழுத்து வைத்துத் தந்தைமையை ஏற்றுக்கொள்கிற ஏற்பாடும் அதோடு வந்தது. அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன் என்றால் 60 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு அது தீர்ப்பு மாதிரி.

எங்களுக்கும் கூட்டுக் கையெழுத்து என்ற வழி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது, "பெற்றோரின் கலியாணத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையை மறுக்கக் கூடாது" என்று காப்புறுதி நிறுவனங்களுக்குச் சொல்கிற ஒரு வரி. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. பிறப்பின் காரணமாகப் பிள்ளைக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் 2ஆம் உறுப்புரை சொல்கிறது. காப்புறுதியை ஒழுங்குபடுத்த ஒரு ஆணைக்குழுவும் எங்களிடம் இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் மாற வேண்டியது என்று நான் நினைப்பது 112ஆம் பிரிவின் ஒரு மூலை. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காக, மரணச் சான்றிதழ் எடுக்காமலே "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" பெறும் வழியை 2016இல் சட்டத்தில் சேர்த்தார்கள். செத்துவிட்டான் என்று எழுதித் தராமல் அலுவல்களைப் பார்க்க அது உதவும். ஆனால் அது திருமணத்தை முடிக்காது, தந்தை யார் என்ற அனுமானத்தையும் தொடாது. ஒருவர் இன்ன வருஷத்தில் இருந்து காணவில்லை என்று அரசாங்கமே சான்றிதழ் தருகிறது. அதற்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அவர் தந்தையாக இருக்க முடியாது என்பதையும் அதே சான்றிதழை வைத்துப் பதிவாளர் ஏற்றுக்கொண்டால் என்ன? ஒவ்வொரு குடும்பமும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இதை அந்த அக்காவிடம் சொன்னபோது அவர் சொன்னது: "அவரைச் சாகடிச்சுத்தான் இவளுக்கு அப்பா வேணுமெண்டால் எனக்கு அந்தப் பேப்பர் வேண்டாம் தங்கச்சி. மாமியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" அவரிடம் வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு அம்மாவின் காத்திருப்புக்கும் ஒரு பிள்ளையின் மருந்துக்கும் இடையில் அவரை நிற்க வைத்தது யார் என்றுதான் யோசித்தேன்.

கடைசியில் என்ன நடந்தது? காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். தந்தையின் சத்தியக்கடதாசி, தாயின் சம்மதக் கடிதம், பிள்ளையின் கிளினிக் புத்தகத்தின் கொப்பி, இந்த மூன்றும் இருந்தால் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. இரண்டு வரிப் பதில். ஆனால் புதுப்பிக்கிற திகதியில் இருந்துதான். அதற்கு முதல் வந்த பில்களை அண்ணை சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார். எக்கோ செய்ததில் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காலம். இருந்திருந்தால்?

பிறப்புச் சான்றிதழில் இன்னும் கோடுதான். சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டு, நீதிமன்றத்தால் தந்தையின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அது எப்போது முடியுமோ தெரியாது. இன்சூரன்ஸ் அட்டையில் மட்டும் அவள் பெயர் அப்பாவின் பெயருக்குக் கீழே வந்துவிட்டது.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இருபதுகளில் வயது. காணாமற்போனவர், யுத்தம் எல்லாம் உங்கள் கதையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கோயிலில் தாலி கட்டிவிட்டு "எழுத்தைப் பிறகு வைப்பம்" என்று விட்டவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள்? முதல் கலியாணத்தில் இருந்து வந்துவிட்டு, விவாகரத்து வழக்கு முடியாமல் இருக்கிறவர்கள்? அதனால் நாலு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

பிள்ளை பிறந்தால் 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலம் கடந்த பதிவு, அலைச்சல் கூட. கலியாணம் பதியவில்லை என்றால் அம்மா தனியப் போகாமல் இருவரும் சேர்ந்து போங்கள், இருவரும் பதிவேட்டில் கையெழுத்து வையுங்கள். ஆண்களே, "பிறகு பார்ப்பம்" என்ற சொல்லை அன்றைக்கு மட்டும் விழுங்கிவிடுங்கள். பிறகு வருவது நீதிமன்றம். பின்னால் சட்டப்படி திருமணம் செய்துகொண்டால் பிள்ளையின் பதிவைத் திருத்த வழி இருக்கிறது. பழைய திருமணம் ஒன்று முடியாமல் இருந்தால், பிள்ளை பிறக்கும் முன்பே ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். தந்தையின் பெயர் பதிவாவதும், சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை ஆவதும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்திருங்கள். தந்தை உயில் எழுதாமல் இறந்தால் சொத்தில் அந்த வித்தியாசம் வந்து நிற்கும். அது இன்னொரு அநியாயம், இன்னொரு கட்டுரை.

என்னைப் போல மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒன்று. நாங்கள் "ஏலாது" என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் அது எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருக்கா பார்க்க வேண்டும். சட்டத்தில் இருந்தால் சட்டத்தை மாற்றக் கேட்போம். ஒப்பந்தத்தில் இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் மாற்றக் கேட்போம். ஒன்றிலும் இல்லாமல், பழைய ஆள் விட்டுப்போன கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எங்கள் போமில் பிள்ளைக்கான பகுதியில் இருந்து "பெற்றோரின் விவாகச் சான்றிதழ்" என்ற வரியை இந்த வருஷம் எடுத்துவிட்டோம். ஒரு ஆளும் கவனிக்கவில்லை. ஒரு ஆளும் பொய்ப் பிள்ளையைக் கொண்டு வரவுமில்லை. உங்கட ஒஃபிஸிலயும் அந்தப் போம் இருக்கும். நாளைக்குப் போய் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.